கூட்டிய காட்டில் ஓர் ஓடை

நம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, இந்த வேலையைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இது நெஞ்சு படபடக்கச் செய்யும் வேலை. இடத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பின் ஓரத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே மூன்று அறைகள்; மண் நிரப்பிய பிளாஸ்டிக் உறைகள்; சுழலும்போதெல்லாம் முனகும் மின்விசிறி. நேர்காணலுக்கு வந்த அன்று, இங்கே ஓராண்டு தாக்குப்பிடித்தால் பெரிது என்றுதான் நானும் நினைத்தேன்.

நான் தமிழ் இலக்கியம் படிப்பவள். அஞ்சல் வழியில் முதுகலை படித்தபடியே இங்கு வேலை பார்த்தேன். நிலத்தை அளப்பவர்களும் செடிகொடிகளைக் கணக்கெடுப்பவர்களும் தரும் குறிப்புகளை, ஊர் மக்கள் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய தமிழில் ஒரே அறிக்கையாகக் கோப்பது என் பொறுப்பு. அடுத்த மாதம் முழுநேர ஆய்வுப் படிப்புக்குப் போகிறேன். ஓய்வு பெறும் வயதில் சொல்ல வேண்டிய கதைகளை இந்த வயதில் சொல்வது கொஞ்சம் அதிகப்படிதான். ஆனாலும் மேசையை ஒப்படைக்கும்போது ஒரு கோப்பின் கதையையும் சேர்த்து ஒப்படைக்க விரும்புகிறேன். கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கும் அந்த இரும்புக் கம்பி எதற்கென்று நீங்கள் கேட்டீர்கள். அதற்கான பதிலும் இதில் இருக்கிறது.

அது ஒரு மனைப்பிரிவுக் கோப்பு. காடாம்புலியூர்ப் பக்கம், சற்றே சரிந்த செம்மண் மேட்டில் இருந்த பெரிய முந்திரிக்காடு ஒன்றை ஒரு மனை நிறுவனம் வாங்கியிருந்தது. மரங்களை எடுத்துவிட்டுச் சாலை போட்டு வீட்டு மனைகளாகப் பிரிப்பது திட்டம். காடு பெரியது என்பதால், அனுமதிக்கான விண்ணப்பத்தோடு சுற்றுச்சூழல் ஆய்வறிக்கையையும் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த அறிக்கை நம்மிடம் வந்தது. அனுமதி வருவதற்கு முன்பே மரங்களுக்கு நடுவில் எண் எழுதிய கற்களை நட்டு, நிறுவனம் முன்பதிவு வாங்கத் தொடங்கியிருந்தது.

முன்பதிவு செய்தவர்களில் என் அப்பாவும் ஒருவர்.

அப்பா சுரங்கத்தில் பெல்ட் பிரிவில் வேலை பார்ப்பவர். வெட்டிய மண்ணையும் நிலக்கரியையும் சுமந்தபடி மைல் கணக்கில் ஓடும் அந்தப் பட்டைகளோடு அவருடைய வாழ்நாள் போயிற்று. இந்த ஆண்டு இறுதியில் ஓய்வு. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது டவுன்ஷிப்பில் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் தெரியும். எங்கள் பிளாக்கில் ஐம்பது வயதைக் கடந்த எந்த ஆணும் இன்னோர் ஆணிடம் முதலில் கேட்பது உடல்நலத்தை அல்ல, "மனை எங்க பாத்துருக்கீங்க?" என்பதைத்தான். அப்பா நான்கு ஊர் அலைந்து, இந்த முந்திரிக்காட்டில் ஒரு மூலை மனையைப் பிடித்திருந்தார். இரண்டு பக்கமும் சாலை. அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சமல்ல.

"சொந்தச் சுவத்துல ஆணி அடிக்கணும் பாப்பா," என்பார். "யாரையும் கேக்காம அடிக்கணும். கோணலா அடிச்சாலும் எவனும் கேக்கக் கூடாது."

கோப்பு வந்த அன்றே நம் தலைவரிடம் சொல்லிவிட்டேன். நாம் எல்லோரும் சார் என்று அழைக்கும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அளக்கறது நீ இல்ல. எழுதறது மட்டும்தான். இருந்தாலும் அறிக்கையோட மொதப் பக்கத்துலயே போட்டுடு, இன்னார் மகள்னு. அப்புறம் ஒண்ணு. வீட்ல அப்பா அந்தக் காட்டப் பத்திப் பேசினா கேட்டுக்கோ. நீ வாயத் தொறக்கக் கூடாது. உனக்கு அது ஒண்ணும் கஷ்டமா இருக்காதே."

நான் குறைவாகப் பேசுவது அலுவலகத்தில் ஒரு நகைச்சுவையாகவே இருந்தது. சரி என்று தலையசைத்தேன்.

அடுத்து, நம் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முந்திரிக்காட்டில் ஆய்வு என்றால், காட்டைக் கூட்டி முடித்த பிறகுதான் போவோம். முந்திரிக்கொட்டை பழுத்துத் தானாக விழும். விழுந்தது கண்ணில் பட வேண்டும். அதனால் பருவம் தொடங்கும் முன் பெண்கள் இறங்கி, புதர்களை அறுத்து, சருகைக் கூட்டி, மரத்தடி முழுவதையும் வாசல்போலச் சுத்தமாக்கிவிடுவார்கள். கூட்டாத காட்டில் முள்ளும் பாம்பும். கூட்டிய காட்டில் அளவு நாடாவை நேராக இழுக்கலாம், செருப்போடு நடக்கலாம். எல்லா முந்திரிக்காட்டுக் கோப்பும் அப்படித்தான் நடந்திருக்கிறது. அது புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

நாங்கள் போன அன்று காடு அப்படியே மெழுகியதுபோல இருந்தது. தாழ்ந்து பரந்த கிளைகளுக்கு அடியில் சிவந்த தரை, துடைப்பத்தின் வரிகளோடு. குறிஞ்சிப்பாடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் சலீம் செடிகொடிகளைக் கணக்கெடுப்பவர். அன்று அவருக்கு வேலையே இல்லை.

"புலவரே, எழுதிக்குங்க," என்றார் என்னிடம். "முந்திரி. முந்திரி. மறுபடியும் முந்திரி. தரையில ஒரு புல்லு கூட இல்ல. எங்க வீட்டுக் கூடம் இவ்வளவு சுத்தமா இருந்தா எங்கம்மா எனக்கு இன்னொரு தோச போட்டிருப்பாங்க."

நான் குறிப்பேட்டைப் பார்த்தபடியே நடந்தேன். ஒரு மரத்தைச் சுற்றி வந்தபோது, கால் வைத்த இடத்தில் தரை இல்லை. சருகு ஒரு பெருமூச்சுபோல விலக, தொடை வரை உள்ளே போய்விட்டேன். குறிப்பேடு ஒருபுறம், பேனா ஒருபுறம். பக்கத்தில் எண் எழுதிய மனைக்கல் இருந்தது; அதைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த அஞ்சலை என்ற பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தார்.

"என்னா பாப்பா, எங்க பாத்துகினு நடக்கற? கூட்டின சருகெல்லாம் பள்ளத்துலதான தள்ளுவோம்? பின்ன தலையிலயா வச்சிகினு போவோம்?"

அவரோடு இருந்த பெண்கள் சிரித்தார்கள். சலீம் நிதானமாக வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இலக்கியம் படிச்சவங்க எதுலயும் ஆழமா இறங்குவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்."

தூரத்தில் நின்ற சார்கூடத் திரும்பிக்கொண்டு சிரித்தார். என் முகம் எரிந்தது. சேலையில் ஒட்டிய சருகைத் தட்டிவிட்டு, அந்தப் பேச்சு எப்போது ஓயும் என்று காத்திருந்தேன். இரண்டு நாள் ஓயவில்லை.

அறிக்கை உருவாயிற்று. மண் பகுதி, செடி பகுதி, காற்று, இரைச்சல். நீர்வழிகள் என்ற தலைப்பின் கீழ், சார் தந்த குறிப்பின்படி ஒரே வரி எழுதினேன்: இந்நிலத்தில் நீர்வழி எதுவும் இல்லை. கிராம வரைபடத்திலும் எதுவும் இல்லை. சுருக்கமான, திருத்தமான வாக்கியம் என்று அதை நான் ரசிக்கவும் செய்தேன். வெள்ளிக்கிழமை மாலை சமர்ப்பிக்க வேண்டும். திங்கட்கிழமை முன்பதிவுக்காரர்களை அழைத்து, மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு அக்ரிமென்ட் போட நிறுவனம் ஏற்பாடு செய்திருந்தது.

வியாழக்கிழமை நான் சீக்கிரம் வீடு திரும்பினேன். அப்பா முதல் ஷிப்ட் முடிந்து வந்து, டீ குடித்துக்கொண்டிருந்தார். மறுபடியும் மனையைப் பற்றிய பேச்சு. போன மாதமே அதன் மூலையில் ஒரு பலாக்கன்று நட்டு, முள்வேலி கட்டி, வாரம் இருமுறை மொபெட்டில் குடம் கட்டிப் போய்த் தண்ணீர் ஊற்றிவந்தார்.

"நம்ம மனையோட மண்ணு இருக்கே, அது வேற ஜாதி மண்ணு," என்றார். "பக்கத்து பிளாட்டுக்காரன் கல்லு நட ரெண்டு ஆள வச்சு இடிச்சான். கடப்பார எகிறுது. நான் பலாக்கன்னு வைக்கக் கடப்பாரய எடுத்துகிட்டுப் போனேன், தேவையே படல. கையாலயே அள்ளிப் போட்டேன். பஞ்சு மாதிரி. கறுப்பா, ஈரமா. மேல மட்டும் ஒரு விரக்கட செம்மண்ணு."

நான் டம்ளரை வைத்துவிட்டேன்.

"எவ்வளவு ஆழம் தோண்டினீங்க?"

கேட்ட பிறகுதான், நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது நினைவுக்கு வந்தது.

"முட்டிக்கு மேல இருக்கும். ஏன்?"

"சும்மாத்தான்பா."

அறைக்குள் போய் மனைப்பிரிவு வரைபடத்தை விரித்தேன். அன்று நான் கட்டிக்கொண்ட கல்லின் எண் நினைவிருந்தது. மஞ்சள் பெயின்ட் என் முழங்கையில் ஒட்டி, மறுநாள்வரை போகாமல் இருந்தது. அங்கே ஒரு புள்ளி வைத்தேன். அப்பாவின் மூலை மனை அதற்குக் கீழே, சரிவின் போக்கில். அங்கே இன்னொரு புள்ளி. இரண்டையும் இணைத்துக் கோட்டைக் கீழே நீட்டினேன். அது தார்ச்சாலையின் வளைவில் போய் முட்டியது. அந்த வளைவை எனக்குத் தெரியும். காடாம்புலியூர் போகும் பஸ் அந்த இடத்தில் ஒருமுறை மேலேறி இறங்கும். உட்கார்ந்திருப்பவர்கள் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். ஏறி இறங்குவதற்குக் காரணம், சாலைக்கு அடியில் பதித்திருக்கும் பெரிய சிமென்ட் குழாய்.

நீர்வழியே இல்லாத நிலத்துக்குக் கீழே, சாலைக்கு அடியில் ஏன் குழாய் பதித்தார்கள்?

அந்தக் கணத்தை என்னால் சரியாக விவரிக்க முடியுமா என்று தெரியவில்லை. ஒரு பழைய பாட்டில் பொருந்தாமல் நின்ற சொல் சட்டென்று பொருந்தும்போது உடம்பில் ஒரு சிலிர்ப்பு ஓடும். அதைப் பலமுறை அனுபவித்திருக்கிறேன். இது அதைவிடப் பெரிது. என் காலுக்கு அடியில் ஓர் ஓடை இருந்திருக்கிறது, நான் அதற்குள் விழுந்தே இருக்கிறேன், எல்லோரும் சிரித்திருக்கிறோம். அறையில் எழுந்து நடந்தேன். அடுத்த கணமே உட்கார்ந்தேன். அந்தக் கோடு அப்பாவின் மனையை ஊடறுத்துப் போனது. வெளியே அவர் அம்மாவிடம், சமையலறை சன்னல் எந்தப் பக்கம் என்று விவாதித்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. சொல்லாமல் இருந்தால், திங்கட்கிழமை அவர் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

மறுநாள் காலை சார் வருவதற்கு முன்பே படியில் நின்றேன். வரைபடத்தைக் காட்டினேன். அவர் நீண்ட நேரம் பார்த்தார்.

"ரெண்டு புள்ளி வச்சா கோடு வரும்மா. ஓடை வராது."

"மூணு புள்ளி சார். குழாயும் இருக்கு."

"உங்கப்பா தோண்டின குழிய நான் அறிக்கையில எழுத முடியுமா?"

"முடியாது சார். ஆனா நான் விழுந்தத எழுதலாம். அது ஆய்வு நேரத்துல நடந்தது. எல்லாரும் பாத்தீங்க."

என் வாழ்க்கையில் அதுவரை நான் மறக்க விரும்பிய காட்சியை நானே சாட்சியாக நிறுத்தினேன். சலீம் சிரிக்கவில்லை. அவர் எழுந்துபோய், மண் எடுக்கும் பிரிவிலிருந்து கைப்பிடி வைத்த கூர்க்கம்பியைக் கொண்டுவந்தார்.

சார் கடிகாரத்தைப் பார்த்தார். மாலைக்குள் அறிக்கை போக வேண்டும். "உனக்குத் தெரியுதா?" என்றார் என்னிடம். "ஓடை இருந்தா, பொண்ணு அப்பாவக் காப்பாத்திட்டான்னு ஒருத்தன் சொல்லுவான். இல்லைனா, அப்பாவுக்காகத் தேடிப் பாத்தான்னு இன்னொருத்தன் சொல்லுவான்."

"மொதப் பக்கத்துல எழுதியிருக்கு சார்."

"அது எழுதியிருக்கறதாலதான் இப்ப வண்டி எடுக்கறேன்."

இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் நாளே சொல்லி வைத்தது, நெருக்கடியான நாளில் என் கால்களை விடுவித்தது. அன்று சொல்லாமல் விட்டிருந்தால், வெள்ளிக்கிழமை காலையில் வாயைத் திறக்க எனக்குத் தகுதியே இருந்திருக்காது.

காட்டில் இறங்கியதும் சலீம் கம்பியை அழுத்தினார். செம்மண்ணில் அது விரலளவு போய் நின்றது. ஓரடி நகர்ந்தார், நின்றது. இன்னும் ஓரடி, நின்றது. அடுத்த அடியில் கம்பி அவர் கையை விட்டுத் தானாக இறங்குவதுபோல இறங்கிற்று. அவர் கிட்டத்தட்டக் குப்புற விழுந்தார்.

"புலவரே," என்றார், கைப்பிடியைப் பிடித்துத் தொங்கியபடி, "நானும் ஆழமா இறங்கிட்டேன்."

அதற்குப் பிறகு எங்களுக்கு வெயில் தெரியவில்லை. அவர் குத்திக்கொண்டே போக, கம்பி இறங்கும் இடத்திலெல்லாம் நான் சுண்ணாம்புத்தூளைக் கொட்டினேன். பெண்கள் கொட்டை பொறுக்குவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். வெள்ளைப் புள்ளிகள் மரங்களுக்கு இடையில் வளைந்து, பிரிந்து, மறுபடி சேர்ந்து கீழே இறங்கின. ஒருவர் கையால் வரைந்திருந்தால் அத்தனை இயல்பாக வளைந்திருக்காது. ஆண்டுதோறும் கூட்டித் தள்ளிய சருகு மக்கி, அதன்மேல் செம்மண் படிந்து, அதன்மேல் புதுச் சருகு விழுந்து, அந்தப் பள்ளத்தைக் கண்ணிலிருந்து மறைத்திருந்தது. வெற்றுத் தரை கிடைக்கிறதே என்று நாம் தேர்ந்தெடுத்துப் போன பருவம், ஓடையை மூடிவைக்கும் பருவம்.

புள்ளிகள் அப்பாவின் மனையை அடைந்தபோது நான் தூள் வாளியைச் சலீமிடம் கொடுத்தேன். பலாக்கன்றுக்கு இரண்டு புறமும் அவரே வெள்ளை வைத்தார். அந்தக் கன்று யாருடையது என்று அவர் கேட்கவில்லை.

அந்த நேரத்தில் நிறுவனத்தின் மேலாளர் காரில் வந்து இறங்கினார். யாரோ செல்போனில் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்து ஊர்க்காரர், நல்லவிதமாகப் பேசுபவர்.

"என்னாங்க சார், காட்டுல கோலம் போட்டுகினு இருக்கீங்க? இன்னிக்கு ரிப்போர்ட் குடுக்கறேன்னு சொன்னீங்க."

"உங்க காட்டுல ஓடை இருக்குங்க," என்றார் சார்.

"சருகுக் குழிங்க அது. எல்லாத் தோப்புலயும் இருக்கும். ஒரு பொக்லைன் வுட்டா அரை நாள் வேல. மண்ணப் போட்டு மூடி ரோலர ஓட்டிட்டா ஆச்சி."

"மூடலாம். தண்ணிக்கு யாரு சொல்றது?"

"எந்தத் தண்ணிங்க? நான் பொறந்ததுலேர்ந்து இங்கதான் கீறேன். இங்க எங்க தண்ணி?"

வானம் ஏற்கெனவே இருண்டிருந்தது. வெள்ளைப் புள்ளிகளிலேயே கண்ணாக இருந்ததால் நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. இங்கே கோடை மழை எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். புழுதி மணம், ஒரு காற்று, பிறகு பேச்சுச் சத்தம் கேட்காத அளவுக்கு மழை. பெண்கள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு நிறுவனத்தின் தகரக் கொட்டகைக்கு ஓடினார்கள். நாங்களும் ஓடினோம். மேலாளரும் எங்களோடு நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சுண்ணாம்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கரைந்துபோவதைப் பார்த்தபடி நின்றேன். காலை முழுதும் செய்த வேலை பால்போலக் கலங்கிப் போயிற்று.

"பாத்தீங்களா, கோலம் அழிஞ்சிடிச்சி," என்றார் மேலாளர், வருத்தம்போலவே.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. கூட்டிய தரைமீது தண்ணீர் தகடுபோலப் படர்ந்தது. பிறகு, காட்டின் மேல்முனையில், சருகு நகர்ந்தது. காற்று என்று நினைத்தேன். காற்றென்றால் சருகு பறக்கும். இது பறக்கவில்லை. ஒரு பெரிய பாயைக் கீழிருந்து யாரோ மெல்ல உயர்த்துவதுபோல, பழுப்புநிறச் சருகுப் பரப்பு முழுவதும் ஒன்றாக எழும்பி, ஒன்றாக அசைந்து, வளைந்து வளைந்து எங்களை நோக்கி வந்தது. கரைந்துபோன எங்கள் வெள்ளைக் கோடு சென்ற அதே வழியில், வளைவுக்கு வளைவு மாறாமல்.

"வருது!"

கத்தியது நான்தான் என்பது, எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. மழையில் இறங்கி ஓடினேன். சலீம் செல்போனைச் சட்டைக்குள் மறைத்துப் படம் எடுத்தபடி பின்னால் ஓடிவந்தார். ஓடை எங்களுக்கு இணையாக ஓடிற்று. சருகைத் தூக்கிக்கொண்டு, கிளைகளைத் தூக்கிக்கொண்டு, யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பைத் தூக்கிக்கொண்டு. அப்பாவின் மனையில் அது இரண்டாகப் பிரிந்து பலாக்கன்றைச் சுற்றிற்று. முள்வேலி முழுக்கச் சருகு அடைந்து, சாய்ந்து, போயிற்று. கன்று வளைந்து தண்ணீருக்குள் தலையை வைத்தது, நிமிர்ந்தது, மறுபடி வளைந்தது. மூலைக் கல்லின் எண் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. கீழே சிமென்ட் குழாயின் வாயில் வெள்ளம் முட்டி முழங்கும் ஓசை கேட்டது.

அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். பொய் சொல்லவில்லை, எனக்கு ஆனந்தமாக இருந்தது. நான் சரியாகப் படித்திருந்தேன்.

கொட்டகைக்குத் திரும்பியபோது சாரும் மேலாளரும் அருகருகே நின்று வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வருஷத்துல ரெண்டு மணி நேரம் ஓடற தண்ணிங்க இது," என்றார் மேலாளர் தணிந்த குரலில்.

"அந்த ரெண்டு மணி நேரமும் வூட்டுல ஆளுங்க இருப்பாங்களே," என்றார் சார்.

அஞ்சலை சேலை முந்தானையைப் பிழிந்தபடி, "மழை பேஞ்சா நாங்க வூட்டுக்கு ஓடிடுவோம். இங்க நின்னு யாரு பாத்தா?" என்றார். யாரிடமும் குறிப்பாகச் சொல்லவில்லை. ஆனால் உண்மை அதுதான். மழையில் அந்தக் காட்டில் நின்று பார்த்தவர் எவருமில்லை. பக்கத்து ஊரில் பிறந்த மேலாளரும் பார்த்ததில்லை, கூட்டியவர்களும் பார்த்ததில்லை, அளக்கப் போன நாங்களும் பார்த்திருக்க மாட்டோம்.

"வரைபடம் மாறும்," என்றார் சார். "அது வரைக்கும் இந்த ஓரத்துல யாருக்கும் அக்ரிமென்ட் போடாதீங்க. நான் எப்படியும் எழுதத்தான் போறேன்."

மேலாளர் நல்ல வியாபாரி. திங்கட்கிழமைக் கூட்டத்தை அவரே தள்ளிவைத்தார். மொத்த அனுமதியையும் இழப்பதைவிட நிலத்தில் ஒரு பட்டையை இழப்பது மேல் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் எனக்குக் கடினமான நாட்கள் அதற்குப் பிறகுதான் வந்தன. அறிக்கை வெளியாகும்வரை நான் பேசக் கூடாது. அப்பா கூட்டம் தள்ளிப்போன எரிச்சலில் இருந்தார்.

"எவனோ புண்ணியவான் கம்ப்ளெய்ன்ட் குடுத்துருக்கான். அடுத்தவன் ஒரு வீடு கட்டினா பொறுக்காது. அவன் மட்டும் கையில கிடைச்சான்..."

"சாம்பார் போடட்டுமாப்பா?" என்றேன்.

மனைக்குப் போய்வந்தவர், கன்று சாய்ந்து வேலி போயிருப்பதைப் பார்த்து மாடு புகுந்துவிட்டது என்றார். புதிய வேலி கட்டினார். நான் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டேன். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு எளிது என்று சார் சொன்னது தவறு.

'இந்நிலத்தில் நீர்வழி எதுவும் இல்லை' என்ற வரியை அடித்துவிட்டு, அந்தத் தலைப்பின் கீழ் இரண்டு பக்கம் எழுதினேன். காடு கூட்டப்பட்ட பிறகே முதல் ஆய்வு நடந்தது என்பதையும், ஆய்வுக் குழுவில் ஒருவர் சருகுக்குள் விழுந்ததையும், அப்போது அதை நாங்கள் பொருட்படுத்தவில்லை என்பதையும் எழுதினேன். சார் ஒரு வரியைக்கூட நீக்கவில்லை. தமிழ் அறிக்கை ஊராட்சி மன்ற அலுவலகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது.

அப்பா அங்கே போய் அதை நின்றபடியே படித்திருக்கிறார். முதல் பக்கத்தையும். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஊருக்கே சொல்லிட்ட. எங்கிட்ட மட்டும் சொல்லல."

"சொல்லக் கூடாதுப்பா."

"மாடு புகுந்துடுச்சுன்னு வேலி கட்டினேன். அதையும் பாத்துகிட்டு இருந்த."

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"சருகுக்குள்ள விழுந்தது நீதானா?"

"ஆமாம்பா."

"தொடை வரைக்குமா?"

"ஆமாம்."

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பெல்ட் பக்கமாவே ஒரு கயிறு போகும், தெரியுமில்ல? எவன் கண்ணுல கிழிசல் பட்டாலும் இழுக்கலாம். கான்ட்ராக்ட் ஆளா இருந்தாலும் இழுக்கலாம். இழுத்தா மொத்த பெல்ட்டும் நின்னுடும். இழுத்தவன் மேல யாரும் கோவப்படக் கூடாதுன்னு ரூலு." எழுந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "ஆனா எல்லாரும் கோவப்படுவாங்க. எனக்கும் ரெண்டு நாள் இருக்கும். விட்டுடு."

இரண்டு நாள் இருந்தது. அவர் என்னோடு பேசவில்லை; ஆனால் என் டீயில் சர்க்கரை குறைவாகப் போட வேண்டும் என்பதை அம்மாவுக்கு நினைவுபடுத்தினார்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எந்தப் பருவத்தில் போனீர்கள் என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள். நடக்க வசதியான நாள், பார்ப்பதற்கு மோசமான நாளாக இருக்கலாம். களத்தில் எல்லோரும் எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதை மறக்காதீர்கள். உங்களுக்கு அவமானமாக இருப்பதால் ஒரு செய்தி சிறியதாகிவிடாது. மற்றதெல்லாம் சலீம் சொல்லித் தருவார், கேலியோடு.

அறிக்கை வெளியாவதற்குள் மனைப்பிரிவின் வரைபடம் மாறியிருந்தது. ஓடைக்கு இருபுறமும் இடம் விட்டார்கள். அங்கே மனை இல்லை, மரங்கள் மட்டும் நிற்கும். அப்பாவின் மூலை மனையும் அதற்குள் போயிற்று. பலாக்கன்று பிழைத்துக்கொண்டது, இப்போது அது யாருடையதும் அல்ல. முன்பதிவை மாற்றிக்கொள்ளலாம் என்று நிறுவனம் சொன்னது. மேட்டில், நடு வரிசையில், ஒரு பக்கம் மட்டுமே சாலை உள்ள ஒரு மனை மீதமிருந்தது.

அப்பாவின் அந்த இரண்டு நாள் கழிந்து மூன்றாம் நாள் காலை, முதல் ஷிப்டுக்குக் கிளம்பும்போது, அப்பா வாசலில் நின்று, செருப்பை மாட்டியபடி என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"உங்க ஆபீஸ்ல ஒரு கம்பி இருக்காமே. ரெண்டு நாளைக்குக் குடுப்பாங்களா?"

சாரிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். மொபெட்டின் பின்னால் குடத்துக்குப் பதில் அதைக் கட்டிக்கொண்டு போனார். மேட்டு மனையின் நான்கு மூலையிலும் நடுவிலும் குத்திப் பார்த்தாராம். பக்கத்து மனைக்காரர்கள் தங்களுடையதையும் பார்க்கச் சொல்லி வரிசையில் நின்றார்களாம். சொன்னபடி இரண்டாம் நாள் அவரே படியேறி வந்து கம்பியைக் கதவுக்குப் பின்னால் சாய்த்துவிட்டுப் போனார்.

அவர் போனபின் எடுத்துப் பார்த்தேன். நுனியில் விரலளவுக்கு மேல் செம்மண் ஏறவில்லை. அதை நான் துடைக்கவில்லை. நீங்கள் களத்துக்கு எடுத்துப் போகும்போது துடைத்துக்கொள்ளுங்கள்.